மன உளைச்சலுக்கும் ஒரு வெப்பமானி

காய்ச்சல் வந்தால் வெப்பமானி வைத்துப் பார்க்கிறோம். 39 பாகை செல்சியஸ் காட்டினால் உடனே கவனிக்கிறோம். மன உளைச்சலை எப்படி அளப்பது? புற்றுநோய் மருத்துவத்தில் இதற்கு ஓர் எளிய கருவி உண்டு.

நியூயார்க் மருத்துவர்கள் 1998-இல் அதை அறிமுகப்படுத்தினர். அது ஒரு தாள்தான். அதில் வெப்பமானியின் படமும் 0 முதல் 10 வரை எண்களும் இருக்கும். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு உளைச்சல் என்பதை நோயாளியே வட்டமிட்டுக் காட்டுவார். 0 என்றால் உளைச்சல் இல்லை. 10 என்றால் தாங்க முடியாத அளவு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவக் குழு அவரிடம் மேலும் பேசும். 'மனநோய்' என்றால் பலர் ஒதுங்கிக்கொள்வார்கள் என்பதால்தான் 'உளைச்சல்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அத்தாளில் பிரச்சினைகளின் பட்டியலும் உண்டு. பயம், தூக்கமின்மை மட்டுமல்ல. பணம், போக்குவரத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆகியவையும் அதில் அடங்கும். பினாங்கில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். 1976-இல் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை இங்குதான் உள்ளது. கதிரியக்கச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் என்று பல வாரங்கள் நீடிக்கும். சுங்கை பட்டாணியிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை பெறுபவர் ஒருவர். வேலைக்கு விடுப்பு எடுத்து, வண்டி ஓட்டி, காத்திருந்து, வீட்டில் சமைப்பவர் இன்னொருவர். அவர்தான் பராமரிப்பாளர்.

அவருடைய களைப்பு மனத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநில ஆய்வாளர்கள் 1995-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தினர். அதே வயதுடைய, ஆனால் அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் அப்படியே செய்தனர். பராமரிப்பாளர்களின் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது!

காரணம் என்ன? நெடுநாள் மன அழுத்தம் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களின் அளவை மாற்றும். நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சைட்டோகைன் என்ற வேதிச் செய்திகள் அதனால் குறையலாம். காயத்தை ஆற்றும் வேலையைத் தூண்டுபவை அச்செய்திகளே.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கவலைப்பட்டதால்தான் புற்றுநோய் வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. "தைரியமாக இருந்தால் குணமாகிவிடும்" என்று சொல்வதும் உதவாது. நோய் முற்றினால், தம் தைரியக்குறைவே காரணம் என்று நோயாளி தம்மையே நொந்துகொள்வார்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலைமை இருந்தால் என்ன செய்யலாம்? புற்றுநோய் தொற்றாது, அருகில் உட்காருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் சற்று விலகியிருங்கள். "இன்று உளைச்சல் பத்தில் எத்தனை?" என்று பாட்டியிடம் கேளுங்கள். பிறகு, அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் அதையே கேளுங்கள். எண் பெரிதாக இருந்தால் மருத்துவரிடமோ மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ சொல்லலாம். உங்கள் எண்ணே பெரிதாக இருந்தால், பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசத் தயங்காதீர்கள்.