ஏர் கிளீனர் எண்ணெயை எப்போது மாற்றுவது?

‘டிராக்டருக்கு இன்ஜின் ஆயிலை நேரம் தவறாமல் மாற்றுகிறேன். ஆனாலும் கரும்புகை தள்ளுகிறது, இழுவை குறைந்துவிட்டது. என்ன காரணமாக இருக்கும்?’ என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரணம் பல இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் கிளீனரைத்தான். அதற்குச் செலவும் இல்லை.

ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கரிசலில் சித்திரை மாதம் ரொட்டோவேட்டர் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் புழுதி உள்ளே போனால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நம் பக்கத்துப் பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஆயில் பாத் ஏர் கிளீனர்தான். உள்ளே வரும் காற்று கிண்ணத்து எண்ணெயில் மோதித் திரும்பும்போது கனமான தூசி எண்ணெயிலேயே தங்கிவிடும். மிச்சம் மீதியை மேலே உள்ள கம்பி வலை பிடித்துக்கொள்ளும். வேலை பார்க்கிற நாளெல்லாம் காலையில் வண்டியைக் கிளப்புமுன் கிண்ணத்தைக் கழற்றி எண்ணெய் அளவைப் பாருங்கள். சாதாரண வேலைக்கு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினால் போதும். கோடை உழவு, கதிரடிப்பு, பஞ்சு பறக்கும் ஜின்னிங் மில் பக்கம் லோடு அடிப்பது என்றால் அந்தக் கணக்கு செல்லாது. தினமும் மாற்ற வேண்டிவரும். கிண்ணத்தின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சேறு தட்டுப்பட்டால், மணிக்கணக்கு பார்க்காமல் கொட்டிவிடலாம்.

கிண்ணத்தையும் வலையையும் டீசலில் கழுவி நன்றாக வடியவிட வேண்டும். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். இன்ஜினுக்கு ஊற்றுகிற அதே கிரேடு புது ஆயிலை, கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை இதில் ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஏற்கெனவே அழுக்கு இருக்கிறதே! கோட்டைத் தாண்டி ஊற்றுவது அதைவிட ஆபத்து. இன்ஜின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிக்க ஆரம்பித்தால், ஸ்டாப்பை இழுத்தாலும் நிற்காமல் கண்டபடி சுற்றும்.

புது டிராக்டர்களில் காகித ஃபில்டர் வருகிறது. இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். பஞ்சர் கடை கம்ப்ரசரில் முழு வேகத்தில் காற்றடித்து, ‘பளிச்சென்று ஆகிவிட்டது’ என்று மாட்டினேன். மடிப்பு ஒன்று கிழிந்திருந்தது தெரியவில்லை. ஒரு பருவம் முடிவதற்குள் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது வண்டி. காற்றை 30 பி.எஸ்.ஐ.க்குள் வைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும். காகிதத்துக்கு எண்ணெய் தடவவே கூடாது. உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சும்மா சும்மா கழற்றிப் பார்ப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி உள்ளே இறங்கும். இண்டிகேட்டர் சிவப்புக் காட்டினால் கழற்றுங்கள்.

கார், ஜீப் வைத்திருப்பவர்கள் சிலர் கழுவி, எண்ணெய் தடவி மறுபடி பயன்படுத்தும் பருத்தி ஃபில்டரை மாட்டுகிறார்கள். அமெரிக்காவின் கே அண்ட் என் நிறுவனத்தால் பிரபலமானது இது. கம்பி வலைகளுக்கு நடுவே எண்ணெயில் நனைந்த பருத்தி வலைத்துணி. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜுக்கு நெய்கிறார்களே, அந்தச் சாதிதான். தார்ச்சாலையில் 80,000 கிலோமீட்டர் வரை கழுவ வேண்டாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. தோப்புக்கும் தோட்டத்துக்கும் மண்பாதையில் போய்வருகிற வண்டிக்கு அது பொருந்தாது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அழுக்கு மூடிக் கம்பி வலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் கழுவுங்கள். தெரிந்தால் அப்படியே மாட்டிவிடுங்கள். கழுவினால் நிழலில்தான் உலர்த்த வேண்டும், காற்றடிக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடாக விட்டு, இருபது நிமிடம் கழித்து வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் விடுங்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட மாட்டினால் காற்றளவு சென்சாரில் படிந்து கோளாறு வரும்.

எந்த ஃபில்டராக இருந்தாலும், அங்கிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் ஃபில்டரைக் கழுவியும் பலனில்லை. கொட்டிய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ விடாமல், கேனில் பிடித்து அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள்.