பெங்களூரு மெட்ரோ: 30 ரூபாய் கூடினால் மக்கள் ஏன் வண்டியை எடுக்கிறார்கள்?

பெங்களூரு மெட்ரோவில் 2025 பிப்ரவரி 9 முதல் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும் சில தூரங்களுக்குக் குறைத்தார்கள். அந்த 90 மட்டும் அப்படியே நின்றது. அடுத்த வாரங்களில் பயணிகள் எண்ணிக்கை குறைந்தது. ஐடி சம்பளக்காரர்களுக்கு 30 ரூபாய் பெரிய விஷயமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும்.

ஆபீஸ் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக, வர 50 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால், நாளுக்கு 110 ரூபாய் சொச்சம். பழைய மெட்ரோ கட்டணத்தில் 120. ஏறக்குறைய சமம், டிராஃபிக் தொல்லை இல்லை என்பதால் மெட்ரோ ஜெயித்தது. புதிய கட்டணத்தில் 180. ஸ்மார்ட் கார்டு தள்ளுபடி 5 சதவீதம் போனாலும் 171. ஸ்டேஷனுக்குப் போக, அங்கிருந்து ஆபீஸ் போக ஆட்டோ காசு தனி. ஸ்கூட்டரில் பின்னால் நண்பர் ஒருவர் ஏறினால் செலவு பாதி!

வண்டியின் இஎம்ஐ? அதை யாரும் தினக் கணக்கில் சேர்ப்பதில்லை. டிக்கெட் ஏறியதால் வண்டி வாங்கியவர், நாளை டிக்கெட் குறைந்தாலும் லேசில் திரும்ப மாட்டார்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 2017-க்குப் பிறகு கட்டணம் உயரவில்லை. செலவோ ஏறிக்கொண்டே போனது. ஆனால் மெட்ரோவால் சாலையில் நெரிசல் குறைந்தால் கார்க்காரருக்கும் லாபம்தானே? அவரிடம் பல தெருக்களில் பார்க்கிங் கட்டணம்கூட வாங்குவதில்லை.