உங்களுக்குத் தெரியுமா? – கபடிக்கு வேண்டிய வேகம்

ஆடவர் கபடிக் களத்தின் நீளம் 13 மீட்டர்தான் என்பதால், பாடிச் செல்பவர் நடுக்கோட்டிலிருந்து நேராக ஓடக்கூடிய தொலைவு 6.5 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே நூறு மீட்டர் ஓட்டத்தில் முந்தும் சிறுவன் பாடிச் செல்வதிலும் சிறந்து விளங்குவான் என்று கொள்வதற்கில்லை. அங்கு வேண்டுவது சுறுசுறுப்பு, அதாவது எதிரணியினரின் அசைவைக் கண்டதும் உடல் முழுவதன் வேகத்தையோ திசையையோ சட்டென மாற்றும் திறன். வரிசையாக வைத்த கூம்புகளைச் சுற்றி ஓடுவது திசைமாற்றத்தைப் பழக்குமே ஒழிய, கண்டு முடிவெடுப்பதைப் பழக்காது. அதற்கு எதிரே ஓர் ஆள் நின்று போக்குக் காட்ட வேண்டும்.

திரும்புமுன் ஓட்டத்தை அடக்கியாக வேண்டும். கடைசி இரண்டொரு காலடிகளில் முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ, முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. இந்தத் தடுப்பு வலிமையைப் பயிற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டுவது இளம் முழங்கால்களுக்குத் தீங்காகலாம். உயரம் மிக விரைந்து கூடும் பருவத்தில் (சிறுமியருக்கு ஏறத்தாழ 12 வயது, சிறுவருக்கு 14) உடலின் ஒத்திசைவு சிலருக்குத் தற்காலிகமாகத் தளர்வதுண்டு. அப்போது பயிற்சியில் தாவல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தரையில் காலூன்றி இறங்கும் முறையைத் திருத்துவதே தக்கது.