இரும்பு பீரோ

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையோ, கம்பம் பள்ளத்தாக்கின் கிராம அலுவலகமோ, பேரேடும் பத்திரமும் பத்திரமாக இருக்கும் இடம் இரும்பு பீரோ. மர அலமாரியைக் கறையான் அரிக்கும். தகட்டிடம் அதன் பல் எடுபடாது.

சட்டம் படித்த அர்தேசிர் கோத்ரெஜ் 1897-இல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கினார். அடுத்து இரும்புப் பெட்டகம். 1923-இல் எஃகு அலமாரி, அதாவது பீரோ. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு (1951–52) 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குப்பெட்டிகளைக் கோத்ரெஜ் நிறுவனம் செய்து கொடுத்தது.

தகட்டை வெட்டி, மடக்கி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து ஊர்ப் பட்டறைகளும் பீரோ செய்கின்றன. எங்கே செய்தாலும் பலர் வாயில் அது ‘கோத்ரெஜ் பீரோ’தான்.

கதவின் உட்புறத்தைப் பாருங்கள்: கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தாழ் நீளும்.