தூசி காப்பாற்றும் மழை

வட சென்னையின் கொடுங்கையூருக்கு வடக்கே மணலி. அங்கே 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. இன்னும் வடகிழக்கே, கடலோரமாக, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். சென்னைக்கு மழை கொண்டுவரும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று வீசுவதும் அந்த வடகிழக்குத் திசையிலிருந்துதான். ஆகவே, “எங்கள் தெருவில் பெய்வது அமில மழையா?” என்று இந்தப் பகுதிக்காரர் கேட்டால் அது வீண் பயமில்லை.

நிலக்கரியிலும் கச்சா எண்ணெயிலும் கந்தகம் உண்டு. எரியும்போது அது கந்தக டை ஆக்சைடு வாயுவாகிப் புகைபோக்கி வழியே மேலே போகிறது. மேகத்தின் நீர்த்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாகிறது. கன்டெய்னர் லாரி இன்ஜினிலோ கொதிகலனிலோ இருக்கும் கடும் சூட்டில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் அமிலத்துக்கு வழிவிடுகிறது. கொடுங்கையூர் குப்பைமேடு தீப்பிடிக்கும் நாட்களில் இன்னொன்றும் சேரும்: பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, அதுவும் அமில வாயுவே.

மாசே இல்லாத மழைநீரிலும் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால் அதன் பி.எச். அளவு சுமார் 5.6. அதற்கும் கீழே இறங்கினால்தான் அமில மழை என்கிறோம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும்.

இவ்வளவு புகைக்கு நடுவிலும் நம் நாட்டு மழை பல இடங்களில் அந்த எல்லைக்கு மேலேயே நிற்பதற்குக் காரணம், நாம் திட்டித் தீர்க்கும் தூசி. நம் மண்தூசியில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எழும் அம்மோனியாவும் காற்றில் கலக்கிறது. இரண்டும் அமிலத்தை முறித்துவிடுகின்றன. ஆனால் அடைமழையில் தூசி முதலில் கழுவப்பட்டுவிடும். பிறகு பெய்யும் மழைக்கு அந்தக் காப்பு குறைவு. கொடைக்கானல் உட்பட நாட்டின் பல நிலையங்களில் இந்திய வானிலைத் துறை 1970களிலிருந்து மழைநீரைச் சோதித்து வருகிறது. அந்தப் பதிவுகளில் பி.எச். படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. தூசியை நம்பி நெடுநாள் இருக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமில மழை நேராகத் தாக்குவது பாறையும் மெலிந்த மண்ணும் உள்ள இடங்களை. நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீன்கள் அழிந்தது அப்படித்தான். மண்ணிலிருந்த அலுமினியத்தை அமிலம் கரைத்து ஏரிக்குள் இறக்கியது. அது மீன்களின் செவுள்களை அடைத்தது. அந்த அமிலத்தைத் தந்த புகையில் பெரும்பங்கு பிரிட்டனிலிருந்தும் ஐரோப்பாவின் மற்ற தொழில் நகரங்களிலிருந்தும் போனது. உள்ளூரில் புகை படியாமலிருக்க உயரமாகக் கட்டிய புகைபோக்கிகள் அதை அடுத்த நாட்டில் கொண்டுபோய்க் கொட்டின. நம் நாட்டிலும், கந்தகத்தைப் பிடிக்கும் அமைப்பு இல்லாத, 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்பது விதி. உயரம் புகையைப் பரப்புமே தவிரக் குறைக்காது.

அனல்மின் நிலையங்களை ஒட்டிய எண்ணூர் முகத்துவாரத்தின் சீரழிவை அமில மழையின் தலையில் கட்டக்கூடாது. அங்கே சாம்பல் கழிவும் எண்ணெயும் வெந்நீரும் செய்த நாசம் வேறு. ராயபுரத்துத் தகரக் கூரை துருப்பிடிப்பதிலும் உப்புக்காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. எனக்குப் பெரிய கவலை, மழைக்குக் காத்திராத வாயுதான். கந்தக டை ஆக்சைடு அப்படியே மூச்சில் போய் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. காற்றிலேயே நுண்துகளாக மாறி நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது.

தடுக்கும் வழி எளிய வேதியியல். புகைபோக்கிக்குப் போகும் முன் புகையின்மீது சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளிக்கிறார்கள். கந்தகம் அதில் சிக்கி ஜிப்சமாகிறது. அதை சிமென்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். எரிபொருளில் முன்னேற்றம் வந்துவிட்டது: 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதே ஆண்டு ஜனவரி முதல் கப்பல் எண்ணெயின் கந்தக வரம்பும் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமானது.

அனல்மின் நிலையங்களில்தான் சுணக்கம். 2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தக டை ஆக்சைடு வெளியேற்றத்துக்கு வரம்பு விதித்தது. கெடு தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 டிசம்பர் 31 வரை கெடு. அத்திப்பட்டு, வல்லூர் நிலையங்களுக்கு அருகிலுள்ள எண்ணூர் சென்னை மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிறது. வட சென்னைக்காரர்கள் அந்தத் தேதியை ஒவ்வொரு கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் எழுப்ப வேண்டும், இன்னொரு முறை அது தள்ளிப்போவதற்குள்.