சதுரங்கக் கட்டங்கள் ஈன்ற பேரெண்

சதுரங்கத்தைப் படைத்தவன் மன்னனிடம் பரிசில் வேண்டிய கதையை அறியாதார் சிலரே. முதற்கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களிலும் இரட்டித்து வைக்க வேண்டும் என்பதே அவன் கேட்ட பரிசில். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றறிஞர் இப்னு கல்லிகான் தம் நூலில் இக்கதையைப் பதிந்துள்ளார். அம்மணிகளின் கூட்டுத்தொகை 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும். நொடிக்கு ஒரு மணியாக எண்ணினால், எண்ணி முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்!

அல்பிரூனி கண்ட குறுக்குவழி

இத்தொகையை ஏறத்தாழ கி.பி. 1000இல் கணித்துக் காட்டியவர் பேரறிஞர் அல்பிரூனி. கட்டம் கட்டமாகக் கூட்டும் தொல்லையை அவர் மேற்கொள்ளவில்லை. எந்தக் கட்டத்திலும் உள்ள மணிகள், அதற்கு முந்தைய கட்டங்களின் மொத்தத்தைவிட ஒன்று மிகுதி. எனவே 65ஆவது கட்டம் ஒன்று இருப்பதாகக் கொண்டு, அதன் மதிப்பில் ஒன்றைக் கழித்தால் போதும். அம்மதிப்பை எய்த, 2இலிருந்து தொடங்கி வர்க்கம் காணலாம்: 4, 16, 256, 65,536 என ஆறே படிகளில் கணக்கு முடிந்துவிடும்.

எண்ணின் உள்ளமைப்பு

ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அவ்வெண்ணோடு ஒன்று கூட்டியதும் ஒன்று குறைத்ததும் அதன் காரணிகளாகும். சான்றாக, 16இன் வர்க்கம் 256. ஒன்று குறைய 255. அது 17 × 15. அந்த 15ஓ 5 × 3. இவ்வாறே நம் பேரெண்ணும் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கமாக விரிகின்றது.

இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று 1640இல் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா கருதினார். எனினும், தமக்கு நிறுவல் கிட்டவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1732இல் ஆய்லர், 4,29,49,67,297 என்பது 641 × 67,00,417 எனக் காட்டினார். அவர் ஒவ்வோர் எண்ணாக வகுத்துத் தேட வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவாயினும், அது 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும் என்பதைப் பின்னர் அவரே நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகின்றது!

ஆக, நம் பேரெண் ஏழு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கம். அதற்கு 128 வகுத்திகள் உள்ளன. பெர்மாவின் வரிசையில் முதல் ஐந்தைத் தவிர வேறொரு பகா எண் இன்றளவும் கண்டறியப்படவில்லை.

ஐந்து சான்றுகள் ஒத்துநின்றன, ஆறாவது பொய்த்தது. சொன்னவர் மேதையேயாயினும், சான்றுகள் பலவாயினும், நிறுவப்படும்வரை அது கருத்தே, உண்மை ஆகாது. கணிதம் பிற துறையினர்க்கும் கற்பிக்கும் நெறி இதுவே எனலாம்.