களையென்று சட்டம் சொல்லும் செடிகள்

போடிநாயக்கனூரிலிருந்து மலைச்சாலையில் ஏறிச் செல்லும் வண்டிகள் போடிமெட்டில் நிற்க வேண்டும். அவ்விடத்தில் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து கேரளத்தின் இடுக்கி ஜில்லா தொடங்குகிறது. சோதனைச் சாவடியில் சரக்கையும் சீட்டையும் பார்க்கிறார்கள். ஆனால் சக்கரத்துச் சேற்றில் ஒட்டிக்கொண்டும், குருவியின் வயிற்றில் தங்கியும் எல்லையைக் கடக்கும் விதைகளுக்குச் சீட்டு ஏது?

பூப்பாறையைத் தாண்டிச் சின்னக்கானலை அடைந்து, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைப் பார்த்தவாறு நின்றால் பல தேசத்துச் செடிகளை ஒரே பார்வையில் காணலாம். சரிவுகளில் தேயிலை; நிழல் மரங்களின் கீழே ஏலம்; செய்தித்தாள் காகிதத்துக்கென்று வளர்க்கப்பட்ட தைலமரம்; வேலியோரத்தில் உண்ணிச்செடி. மேலும் உயரத்தில், தேவிகுளம், வட்டவடை ஆகிய பக்கங்களில், வாட்டில் மரம். இவற்றுள் எது களை? இக்கேள்விக்கு விவசாயி ஒரு விடை தருவார், தாவரவியல் நிபுணர் மற்றொன்று தருவார். அரசாங்கம் தரும் விடையோ காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது.

தாவரவியலில் களை என்று ஒரு குடும்பமும் இல்லை, இனமும் இல்லை. அவ்வியலார் வேறு வகையாகப் பிரிக்கின்றனர். வெளியிலிருந்து வந்தது அந்நியச் செடி. மனிதர் உதவியின்றித் தானே விதைத்து வாழக் கற்றுக்கொண்டால் அது இயல்பாகிப்போன செடி. அவ்வாறு வாழ்வதோடு நில்லாமல், நட்ட இடத்தை விட்டு வெகுதூரம் பரவி, அங்குள்ள செடிகளை நெருக்கித் தள்ளினால் அது ஆக்கிரமிப்புச் செடி. இந்த அளவுகோலின்படி சின்னக்கானலின் தைலமரம் அந்நிய மரமேயானாலும், பெரும்பாலும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், அவ்வளவே. உண்ணிச்செடியோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, அதன் பழத்தைத் தின்னும் பறவைகளின் தயவால் நாடெங்கும் பரவியது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத காட்டில் யானைக்கும் மானுக்கும் உணவு குறைகிறது. தேயிலையின் நிலை வேடிக்கையானது. இம்மலைக்கு அது அந்நியம். ஆனால் அதன் ஒரு வகைக்கு அஸ்ஸாமே தாயகமாகையால் இந்தியாவுக்கு அந்நியமன்று.

சட்டத்தின் கண் முதலில் விழுந்தது காட்டின் மீதன்று, வயலின் மீதே. 1919-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதான அச்சட்டம் தீங்கு தரும் களைகளையும் தன் வரம்புக்குள் சேர்த்துக்கொண்டது. அது வேலை செய்யும் முறை எளியது. இன்ன செடி, இன்ன பகுதியில், இன்ன காலத்துக்குத் தீங்கு தருவது என்று அரசாங்கம் விளம்பரம் செய்யும்; அதை ஒழிக்கும் வழியையும் கூறும். அதன்பின் நிலத்தை அனுபவிப்பவர் ஒவ்வொருவரும் அவ்வழியைப் பின்பற்றியே ஆகவேண்டும். தவறினால் அதிகாரி நோட்டீசு கொடுப்பார். அதற்கும் அசையாவிட்டால் அரசாங்கமே ஆட்களை வைத்து அகற்றி, செலவை நிலவரிப் பாக்கியைப் போல வசூலித்துக்கொள்ளலாம். ஒருவன் மட்டும் தன் வயலைச் சுத்தம் செய்து, அடுத்தவன் சும்மா இருந்தால் பயனில்லை என்ற உண்மையை இச்சட்டம் நன்கு உணர்ந்திருந்தது.

பிற இடங்களும் இவ்வழியில் சென்றன. வங்காளத்தில் ஆகாயத்தாமரை ஒன்றுக்காகவே 1936-இல் தனிச்சட்டம் செய்தார்கள். 1950-களின் நடுவில் பூனாவில் காணப்பட்ட பார்த்தீனியத்தை, கர்நாடக அரசாங்கம் 1975-இல் தீங்கு தரும் களையாக அறிவித்தது. எனினும் அறிவிப்பைக் கண்டு எந்தச் செடியும் பின்வாங்கியதில்லை. பார்த்தீனியத்தைத் தின்ன மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டினத்தைத் தருவித்து, 1984-இல் பெங்களூரில் விடவேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் நிலங்களை அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியின் கொட்டத்தை அடக்கியதும், இலங்கை வழியாக 1926-இல் வந்த ஒரு சிறு பூச்சியே. சட்டத்தின் பிரிவு எதுவும் அன்று.

விதைச் சட்டம் வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. 1966-ஆம் வருஷத்துச் சட்டத்தின் வழி வரும் சான்றளிப்பு விதிகளில், பயிர்தோறும் 'ஆட்சேபணைக்குரிய களை' குறிப்பிடப்படுகிறது. நெல் விதையில் அது காட்டுநெல். காட்டுநெல் இம்மண்ணுக்கே உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே சட்டத்தில் களையாவதற்கு ஒரு செடி கடல் கடந்து வரவேண்டுமென்பதில்லை; கடல் கடந்து வந்த செடிகளெல்லாம் களையாகிவிடுவதுமில்லை. இனி வரக்கூடியவற்றைத் துறைமுகத்திலேயே தடுப்பதற்கு 2003-ஆம் வருஷத்துத் தாவரத் தொற்றுத்தடை உத்தரவு இருக்கிறது. எந்தெந்தக் களைகளின் விதை இறக்குமதித் தானியத்தோடு கலந்து வரலாகாது என்பதை அதன் 8-ஆவது அட்டவணை கூறுகிறது.

இந்த ஏற்பாடுகள் எவற்றிலும் அகப்படாத மரம் ஒன்று உண்டு. அதுதான் வாட்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக நீலகிரிக்கு வந்த இம்மரத்தின் பட்டை தோல் பதனிடுவதற்கு உதவுவது. பட்டைச்சத்தை வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்குவானேன் என்ற எண்ணத்தில் நீலகிரியிலும் பழனிமலையிலும் பெருவாரியாக நட்டார்கள். மூணாறு மலைகளிலும் அது இடம்பெற்றது. 'வெற்று நிலம்' என்று அக்காலத்தில் கருதப்பட்ட புல்வெளிகளே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை வெற்று நிலங்கள் அல்ல. பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லுமாக அமைந்த அந்நிலப்பரப்பு, மழை நீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் வீடும் அப்புல்வெளிதான். நட்டவர் தனியாரன்று, பெரும்பாலும் அரசாங்கமே. ஆகையால் நோட்டீசு கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரேயாகிவிடும் விசித்திரம் இங்கே நேர்ந்தது.

வாட்டிலின் வலிமை அதன் விதையில் இருக்கிறது. கடினமான தோலுடைய அவ்விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டுவரைகூட உயிரோடு உறங்க வல்லது. தீப்பட்டால் தோல் வெடித்து முளைக்கும். மரத்தை வெட்டி வெயில் விழச் செய்தாலும் கன்றுகள் அடர்ந்து கிளம்பும். எனவே 'வெட்டி அகற்றுக' என்ற உத்தரவு மட்டும் இம்மரத்துக்கு விதைப்பு உத்தரவாகவே முடியும்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே மரம், இதே தொல்லை. அங்கே ஒரு பெருந்தொழிலும் இம்மரத்தை நம்பியிருக்கிறது. 2004-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் அவர்கள் அந்நியச் செடிகளைத் தரம் பிரித்தனர். முதல் வகையின் ஒரு பகுதி முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டியது, மறு பகுதி பரவாமல் அடக்கப்பட வேண்டியது. இரண்டாவது, அனுமதிச் சீட்டு பெற்று வளர்க்கத்தக்கது. மூன்றாவது, உள்ளவை இருக்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. வாட்டில் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டது. சீட்டு பெற்ற தோப்புக்குள் அது பயிர், அதைத் தாண்டி ஆற்றங்கரையில் முளைத்தால் களை. நமது விவாதங்களில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டே குரல்கள் கேட்கின்றன. அவற்றைவிட இம்முறை விவேகமானதென்று எமக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 'ஆக்கிரமிப்பு அந்நிய இனம்' என்ற சொல்லுக்கு முதன்முறையாகப் பொருள் கூறியது. இந்தியாவுக்கு உரியதல்லாததாய், வனவிலங்குக்கோ அதன் உறைவிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய விலங்கும் செடியும் அதில் அடங்கும். அவற்றின் இறக்குமதி, வியாபாரம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் 62-ஏ பிரிவு மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 1919-ஆம் வருஷத்துச் சட்டம் விவசாயியின் நஷ்டத்தை எண்ணியது. இதுவோ காட்டின் நஷ்டத்தை எண்ணுகிறது. ஆனால் 'இந்தியாவுக்கு உரியதல்லாத' என்ற சொற்களில் ஓர் இடைவெளி இருக்கிறது. செடிகள் தேசப்படத்தைப் பார்த்துப் பரவுவதில்லை. இமயத்துச் செடியொன்று குறிஞ்சி நிலத்தைப் பிடித்தால், அது அந்நியமல்ல என்றே இச்சட்டம் கருதும்.

கேரள அரசாங்கம் 2021-இல் ஒப்புக்கொண்ட கொள்கை, காடுகளிலுள்ள தைலமரம், அக்கேஷியா, வாட்டில் ஆகியவற்றைப் படிப்படியாக நீக்கி இயற்கைக் காட்டை மீட்க வேண்டுமென்கிறது. தமிழ்நாடும் 2022-இல் ஆக்கிரமிப்புச் செடிகளுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை ஓரிடத்தில், தேவை வேறிடத்தில். 2024 மே மாதத்தில் கேரள வன வளர்ச்சிக் கழகம் தைலமரம் நடுவதற்கு அனுமதி தரும் உத்தரவு பிறந்தது. ஆட்சேபம் எழுந்ததும், நிற்கும் மரங்களை வெட்ட மட்டுமே அனுமதி என்று அது திருத்தப்பட்டது.

வாட்டிலை அகற்றிய சரிவுகளில் வேலை இனித்தான் தொடங்கும். முளைத்த கன்றுகளை ஆண்டுதோறும், அவை பூப்பதற்கு முன்பே, வேரோடு கையால் பிடுங்க வேண்டும். இடைவெளிகளில் மலைப்புல்லின் தூர்களை ஊன்ற வேண்டும். மண்ணில் உறங்கும் விதைகள் தீரும்வரை இவ்வேலை ஓயாது. அதற்குரிய கூலியை, ஒரு வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் அன்று, பல வருஷத்துத் திட்டங்களில் ஒதுக்க வேண்டியிருக்கும்.